பேண்டை விட்டு வெளியே வந்த குரல்: பன்புரியின் 'ரேடிக்கல் சொனோரா'

பேர் வாங்கின ஒரு பேண்ட் கலையுது, பாடகர் தனியா வர்றார். ரசிகர்கள் என்ன கேப்பாங்க? அதே சவுண்ட், கவர்ல மட்டும் வேற பேர். என்ரிக்கே பன்புரி 1997ல் கொடுத்தது அது இல்ல.

முதல்ல கொஞ்சம் பின்னணி. ஸ்பெயினின் சரகோசா நகரத்து ராக் பேண்ட் 'ஏரோஸ் தெல் சிலென்சியோ'. 1988 முதல் 1995 வரை நாலு ஸ்டுடியோ ஆல்பம். ஸ்பானிஷ்ல பாடியே ஜெர்மனி வரைக்கும் ஹிட் கொடுத்தவங்க. ஹுவான் வால்திவியாவின் கிட்டாரும் பன்புரியின் கனத்த குரலும்தான் இவங்க அடையாளம். 1996ல் பேண்ட் கலைஞ்சுது.

அடுத்த வருஷமே 'ரேடிக்கல் சொனோரா' வந்தது. கேட்டவங்களுக்கு ஷாக். கிட்டார் இருக்கு, ஆனா முன்னாடி நிக்கிறது எலக்ட்ரானிக் பீட், லூப், சிந்தசைசர். 'சலோமே' பாட்டுல அரபு இசையின் சாயல். அதே வருஷம்தான் யூ2-வின் 'பாப்', டேவிட் போவியின் 'எர்த்லிங்' ரெண்டும் வந்தது. ராக்காரங்க பலரும் டான்ஸ் மியூசிக் பக்கம் எட்டிப் பார்த்த நேரம்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அவர் எல்லாத்தையும் தூக்கிப் போடல. பேண்டோட ரெண்டாவது, மூணாவது ஆல்பங்களைத் தயாரிச்ச ஃபில் மன்சனேராதான் இங்கேயும் கூட இருந்தார். குரலும் அதேதான். நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா, யூஐ அப்படியே இருக்கு, பின்னாடி ஸ்டாக் மொத்தமும் புதுசு.

ஒரு பாட்டுக்குப் பேரு 'செர்விதோர் தெ நாதியே'. 'யாருக்கும் சேவகன் இல்லை'ன்னு அர்த்தம். ஸ்பானிஷ்ல கம்ப்யூட்டர் சர்வருக்கும் 'செர்விதோர்'தான்!

அந்த சுதந்திரத்துக்கு விலை இருந்தது. பழைய ரசிகர்கள் பலர் ஒதுங்கினாங்க. ஆல்பம் முழுக்க ஒரே தரம்னும் சொல்ல மாட்டேன். சில பீட்கள் இன்னைக்குப் பழசாத்தான் கேக்குது. ஆனா ஒருதடவை எதிர்பார்ப்பை உடைச்சவருக்கு ரெண்டாவது தடவை சுலபம். 1999ல் வந்த 'பெகேன்யோ'வில் எலக்ட்ரானிக்ஸையும் ஓரம் வச்சுட்டு, கபரே, மத்தியதரைக்கடல் இசைன்னு போனார். பலருக்கும் இன்னைக்குத் தெரிஞ்ச பன்புரி அங்கதான் பிறந்தார். 2007ல் பழைய பேண்டோட சேர்ந்து சில கச்சேரி பண்ணினப்போ, தனக்குன்னு ஒரு பாதை இருந்த ஆளாத்தான் மேடை ஏறினார்.

கேக்கிற வரிசை சொல்றேன்: முதல்ல பேண்டின் 'என்த்ரே தோஸ் தியேராஸ்', அப்புறம் 'சலோமே', கடைசியா 'பெகேன்யோ'வில் இருந்து 'எல் எக்ஸ்த்ரான்ஹேரோ'. மூணும் ஒரே ஆள்தான்னு நம்ப முடியுதான்னு சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.