ஹாரன் அடிச்சாலும் ஒதுங்காதீங்க

எண்ணூர் விரைவுச் சாலையில் பின்னாடி கன்டெய்னர் லாரி ஹாரன் அடிச்சா என்ன செய்வீங்க? உயிரைக் கையில பிடிச்சுட்டு ஓரமா ஒதுங்குவீங்க. அதே பழக்கத்தோட ஆன்லைன் ரேஸுக்குப் போனா திட்டுதான் விழும்.

ஐரேசிங்கில் புதுசா சேர்றவங்க எல்லாரும் 'ரூக்கி'. அந்த ரேஸ்களில் மேல் லைசென்ஸ்காரங்களும் ஓட்டலாம். டிராக்கை விட்டு வெளியே போனா 1 புள்ளி, கட்டுப்பாடு இழந்து சுத்தினா 2, இன்னொரு காரோட பலமா மோதினா 4. யார் தப்புன்னு சிஸ்டம் பார்க்காது. இடிச்சவருக்கும் இடி வாங்கினவருக்கும் அதே 4. புள்ளி சேரச் சேர சேஃப்டி ரேட்டிங் இறங்கும். சீனியர்களோட கோபம் இங்கேர்ந்துதான் கிளம்புது. கோபம் நியாயம்தான், சாட்டில் வர்ற வார்த்தைகள் இல்லை.

ஏன்னா நிறைய மோதல் மரியாதையால வருது. ஒரு ரவுண்டு முன்னால இருக்கிற வேகமான கார் பின்னாடி வந்ததும் நீலக் கொடி தெரியும். புதுசா வந்தவர் வழிவிடறேன்னு சட்டுனு ஒதுங்குவார். முந்த வர்றவரும் அதே இடைவெளிக்குத்தான் குறி வச்சிருப்பார். டமால்!

நீங்க உங்க லைன்லயே போங்க, சுத்திப் போறது அவர் வேலை. இதை ரேஸுக்கு முன்னாடி சாட்டில் டைப் பண்ண ஒரு சீனியருக்குப் பத்து செகண்ட் போதும்.