பழைய கணினிக்குப் புது வாழ்வு

ஒரு பொருள் பழுதுபடுதல் வேறு. பயனற்றுப் போதல் வேறு. கொழு தேய்ந்துவிட்டது என்று உழவர் கலப்பையை எறிந்துவிடுவதில்லை. கொழுவை மட்டும் மாற்றிக்கொண்டு மீண்டும் உழுகின்றனர். தையல் பொறியின் வார் அறுந்தால் வேறு வார் பூட்டப்படுகிறது. பொறி தொடர்ந்து ஓடுகிறது. கணினியின் நிலையோ வேறு. அதன் உறுப்புகள் யாவும் நன்றாக இருக்கும்போதே அது பயனற்றதெனத் தள்ளப்படுவதுண்டு. உறுப்புகளை இயக்கும் மென்பொருளுக்கு, அதனை ஆக்கிய நிறுவனம் ஆதரவு அளிப்பதை நிறுத்திவிட்டால், நல்ல கணினியும் மூலையில் ஒதுங்கிவிடுகிறது.

2025 அக்டோபர் 14ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, பழைய நுண்செயலிகள் பலவற்றை ஏற்பதில்லை. அதனால், நன்கு உழைத்துவந்த கணினிகள் பல, கழிவில் சேரும் நிலையை அடைந்தன. கழிவோ ஏற்கெனவே மலைபோல் குவிந்துள்ளது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐக்கிய நாடுகள் அவையின் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நூற்றுக்கு 22 பங்கேயாகும். இக்குவியலில் மேலும் ஒன்றைச் சேர்ப்பதினும், பழைய கணினியை வேறொரு பணியில் அமர்த்துவது நன்றன்றோ? அத்தகைய பணிகளுள் எளியதும், வீட்டார் அனைவர்க்கும் பயன் தருவதும் ஒன்று உண்டு. அதுவே இல்ல ஊடக மையம்.

திரைப்படம், பாட்டு, ஒளிப்படம் ஆகியவற்றை ஓரிடத்தில் சேர்த்துவைத்து, வேண்டியபோது தொலைக்காட்சித் திரையில் காட்டும் கணினியே இல்ல ஊடக மையம் எனப்படும். அதன் பணிகள் மூன்று: சேமித்தல், வகைப்படுத்தல், இயக்கிக் காட்டுதல். சேமிப்பதற்கு வன்தட்டு உண்டு. வகைப்படுத்துவதற்கு மிகுந்த ஆற்றல் வேண்டுவதில்லை. மூன்றாவது பணியே கடினமானது. அதன் கடுமையை ஒரு கணக்கால் உணரலாம். இன்று பரவலாக உள்ள தொலைக்காட்சித் திரை ஒன்றில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. ஆகவே, ஒரு படத்திற்கு 20,73,600 புள்ளிகள் ஆகின்றன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க மூன்று பைட்டுகள் வேண்டும். நொடிக்கு 25 படங்கள் ஓடினால், ஒரு நொடிக்கே 15 கோடியே 55 இலட்சம் பைட்டுகளுக்கு மேல் தேவைப்படும். இரண்டு மணி நேரத் திரைப்படத்தை இவ்வாறே எழுதிவைத்தால் 1,100 கிகாபைட்டும் போதாது.

ஆதலால் காட்சிகள் சுருக்கி எழுதப்படுகின்றன. அடுத்தடுத்த படங்களில் மாறாத பகுதிகள் மீண்டும் மீண்டும் எழுதப்படுவதில்லை. மாறியவை மட்டுமே குறிக்கப்படுகின்றன. இத்தகைய முறைகளால் அத்திரைப்படம் நான்கைந்து கிகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. சுருங்கிய காட்சியை நொடிதோறும் தவறாமல் விரித்துத் திரைக்கு அனுப்புவதே ஊடக மையத்தின் தலையாய வேலை. விரிப்பதில் சிறிது தாமதம் நேர்ந்தாலும் காட்சி விட்டுவிட்டு ஓடும்.

இவ்வேலைக்கு எளிய கணினியே போதும் என்பதைப் பலர்க்கும் காட்டியது ஒரு விளையாட்டுப் பெட்டி. 2001 நவம்பர் 15ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனம் அமெரிக்காவில் எக்ஸ்பாக்ஸ் என்னும் பெட்டியை 299 டாலர் விலைக்கு வெளியிட்டது. தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடுவதற்கென அமைந்த அப்பெட்டி, உள்ளமைப்பில் மேசைக் கணினியையே ஒத்திருந்தது. 733 மெகாஹெர்ட்ஸ் வேகமுடைய நுண்செயலியும், 64 மெகாபைட் நினைவகமும், வன்தட்டும், டிவிடி இயக்கியும் அதனுள் இருந்தன. விளையாட்டுக்கென விற்கப்பட்ட அதனைப் படமும் பாட்டும் இயக்கும் பெட்டியாக மாற்றலாம் என்று வெவ்வேறு நாடுகளில் வாழ்ந்த நிரலாளர் சிலர் எண்ணினர். 2002இல் அவர்கள் தொடங்கிய முயற்சி, 2004 ஜூன் மாதத்தில் எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர் என்னும் மென்பொருளாக நிறைவெய்தியது. ஊதியம் கருதாது ஓய்வு நேரத்தில் உழைத்தோரின் ஆக்கம் அது. 64 மெகாபைட்டுக்குள் எல்லாம் அடங்கவேண்டும் என்னும் கட்டாயம் அவர்களுக்குச் சிக்கனத்தைக் கற்பித்தது.

எனினும், அம்முயற்சிக்கு ஒரு பெருந்தடை இருந்தது. தன் ஒப்புதல் பெறாத எந்த மென்பொருளும் அப்பெட்டியில் ஓடாதவாறு நிறுவனம் அதனைப் பூட்டி வைத்திருந்தது. அப்பூட்டைக் கடந்தவர்களே புதிய மென்பொருளை அதில் ஓட்ட இயன்றது. மேலும், அப்பெட்டிக்குரிய மென்பொருளை இயங்கும் வடிவில் ஆக்கித்தரும் கருவித்தொகுதியும் நிறுவனத்தின் உடைமையாக இருந்தது. உரிமம் பெறாமல் அதனைக்கொண்டு ஆக்கியதைப் பிறர்க்கு வழங்குதல் சட்டத்திற்குப் பொருந்தாது. ஆதலால், அம்முயற்சியில் ஈடுபட்டோர் மூலநிரலை மட்டுமே வெளியிட்டனர். மூலநிரல் என்பது, மனிதர் படித்து உணரக்கூடிய நிரல்மொழியில் எழுதப்பட்ட வடிவம். கணினி நேரே இயக்குவதோ, அதிலிருந்து பெயர்க்கப்பட்ட எண்களின் கோவை. விலைக்கு விற்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் எண்களின் கோவையை மட்டுமே தந்து, மூலநிரலை மறைத்துக்கொள்வது வழக்கம்.

அம்மென்பொருளின் மூலநிரல் ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. அவ்வுரிமத்தின்படி, எவரும் அதனைப் பயன்படுத்தலாம், படித்து ஆராயலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். திருத்தியதைப் பிறர்க்கு வழங்குவோர், திருத்திய மூலநிரலையும் உடன் தரவேண்டும் என்பதே அதன் முதன்மையான கட்டுப்பாடு. இத்தகைய மென்பொருளைத் திறமூல மென்பொருள் என்பர். மூலநிரல் பலர் கையில் இருந்தமையால், அது எக்ஸ்பாக்ஸ் பெட்டியோடு கட்டுண்டு கிடக்கவில்லை. 2007இல் அதனை லினக்ஸ் இயங்குதளத்திற்கு ஏற்ப மாற்றும் பணி தொடங்கியது. 2008இல் லினக்ஸ், விண்டோஸ், மேக் ஆகிய மூன்றிலும் ஓடும் பதிப்பு வெளிவந்தது. பூட்டிய பெட்டியை விட்டு, உரிமையாளர் விரும்பிய மென்பொருளை நிறுவிக்கொள்ளத்தக்க கணினிகளுக்கு வந்தபின், முன்பிருந்த சட்டத் தடையும் நீங்கிற்று. 2010இல் எக்ஸ்பாக்ஸ் பதிப்பை முதன்மைக் குழுவினர் கைவிட்டனர். அப்போதும், அப்பெட்டியை வைத்திருந்தோர்க்காக வேறு தொண்டர் சிலர் அதனைத் தனியே தொடர்ந்து பேணினர். எக்ஸ்பாக்ஸில் ஓடாத ஒன்றுக்கு அப்பெயர் பொருந்தாமையால், 2014இல் கோடி என்று பெயர் மாற்றப்பட்டது. தமிழில் எண்ணைக் குறிக்கும் கோடி என்னும் சொல்லோடு இதற்குள்ள ஒற்றுமை ஒலியளவினதே. பெட்டியின் விற்பனை நின்று நெடுநாளாயிற்று. அதற்கென எழுதப்பட்ட மென்பொருளோ இன்றும் வாழ்கிறது.

2012 பிப்ரவரி 29ஆம் நாள், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரைச் சார்ந்த ராஸ்பெர்ரி பை அறக்கட்டளை, உள்ளங்கையில் அடங்கும் கணினிப் பலகை ஒன்றை 35 டாலர் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இளையோர் நிரலாக்கம் பயிலவேண்டும் என்பதே அதன் நோக்கம். அதன் நுண்செயலியின் வேகம் 700 மெகாஹெர்ட்ஸ். பழைய எக்ஸ்பாக்ஸின் வேகத்தைக்கூட அது எட்டவில்லை. ஆயினும் உயர்தெளிவுத் திரைப்படங்களை அது தடையின்றிக் காட்டியது. காரணம் யாது? சுருங்கிய காட்சியை விரிப்பதற்கென்றே தனிச் சுற்று ஒன்று அதன் சில்லில் அமைந்திருந்தது. ஆகவே, ஊடக மையத்திற்குக் கணினியைத் தேர்ந்தெடுப்போர் அதன் வேகத்தை மட்டும் பார்த்தல் போதாது. காட்சியை விரிக்கும் சுற்று எந்தெந்தச் சுருக்கமுறைகளை அறியும் என்பதையும் பார்த்தல் வேண்டும். எச்.264 என்னும் முறை 2003இல் தரப்படுத்தப்பட்டது, எச்.265 என்னும் முறை 2013இல் வந்தது. 2011ஐ ஒட்டி வெளிவந்த கணினிகள் பல, முன்னதை எளிதில் விரிக்கும். பின்னதை விரிக்கத் திணறும்.

இனி, பழைய கணினியை ஊடக மையமாக்கும் முறையைக் காண்போம். 64 பிட் நுண்செயலியும், 2 முதல் 4 கிகாபைட் வரை நினைவகமும், தொலைக்காட்சியோடு இணைப்பதற்குரிய எச்.டி.எம்.ஐ. துளையும் உள்ள கணினியாயின் நன்று. முதற்கண் மின்னிணைப்பை நீக்கி, விசிறியிலும் காற்றுப் புழைகளிலும் படிந்த தூசியைத் துடைத்தல் வேண்டும். தூசி அடைந்த கணினி எளிதில் சூடேறும்; விசிறியும் இரைச்சலிடும். மடிக்கணினியாயின் அதன் மின்கலத்தையும் பார்த்தல் வேண்டும். உப்பிய மின்கலம் தீப்பற்றக்கூடும். அதனை அழுத்தவோ துளைக்கவோ கூடாது. அறிந்தவரைக் கொண்டு அகற்றி, மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைத்தலே முறை.

அடுத்து, இயங்குதளம். கோடியை இயக்குவதற்குத் தேவையானவற்றை மட்டும் கொண்ட சிறிய லினக்ஸ் தொகுப்புகள் உள்ளன. 2016இல் தோன்றிய லிப்ரெலெக் அவற்றுள் ஒன்று. வேறொரு கணினியின் உதவியால் அதனை இணையத்திலிருந்து விலையின்றிப் பெற்று, ஒரு பென் டிரைவில் எழுதிக்கொள்ளவேண்டும். பழைய கணினியை அந்தப் பென் டிரைவிலிருந்து தொடங்கச் செய்து, திரையில் தோன்றும் வழிகாட்டுதலைப் பின்பற்றினால் இயங்குதளம் நிறுவப்பட்டுவிடும். நிறுவும்போது வன்தட்டில் முன்பிருந்தவை யாவும் அழிந்துவிடும். ஆதலால், வேண்டிய கோப்புகளை முன்னரே வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது. எச்.டி.எம்.ஐ. கம்பியால் தொலைக்காட்சியோடு இணைத்தபின், கைப்பேசியையே ரிமோட்டாகக் கொண்டு கோடியை இயக்கலாம். தன்னார்வலர் உழைப்பால் அதன் பட்டியல்களைத் தமிழிலும் அமைத்துக்கொள்ளும் வசதி உண்டு.

கோப்புகளை ஒழுங்காகப் பெயரிட்டு அடுக்குதல், நூலகத்தில் நூல்களை அடுக்குவது போன்றது. படம், பாட்டு, ஒளிப்படம் ஆகியவற்றுக்குத் தனித்தனி அடைவுகள் வேண்டும். திரைப்படத்தின் பெயரோடு அது வெளிவந்த ஆண்டையும் எழுதுதல் நன்று. தில்லுமுல்லு என்னும் பெயரில் 1981இல் ஒரு படமும் 2013இல் ஒரு படமும் வந்தன. ஆண்டு இல்லையேல், எது எதுவெனக் கணினி மயங்கும். இசைநாடாவில் பதிவான பாட்டனார் குரல், திருமண ஒளிப்படங்கள், பள்ளி விழாக் காட்சிகள் ஆகியவற்றையும் இதில் சேர்க்கலாம். வன்தட்டு என்றேனும் பழுதுபடக்கூடியது. ஆதலால் மீண்டும் பெறவியலாத இவற்றுக்கு மற்றொரு படி வேறிடத்தில் இருத்தல் வேண்டும்.

கோடி எந்தத் திரைப்படத்தையும் தன்னோடு தருவதில்லை. அது வெறும் பேழையே; அதனுள் எதை வைப்பது என்பது உரிமையாளரின் பொறுப்பு. மென்பொருளின் மூலநிரல் திறந்திருப்பதனால், பிறர் ஆக்கிய படமும் பாட்டும் பொதுவுடைமை ஆகிவிடா. இந்தியச் சட்டப்படி, திரைப்படத்தின் பதிப்புரிமை அது வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நிலைக்கும். ஜி.பி.எல். உரிமமும் பதிப்புரிமைச் சட்டத்தின்மேல் எழுந்ததே. ஆதலால், அவ்வுரிமத்தால் பயன்பெறுவோர் பிறர் பதிப்புரிமையையும் மதித்தல் கடமையாகும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. 60 வாட் மின்சாரம் கொள்ளும் பழைய மேசைக் கணினி, இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு 1.44 யூனிட் செலவாகும். இடைவிடாது ஓடவேண்டிய இடத்தில், மிகக் குறைந்த மின்சாரம் கொள்ளும் சிறு பலகையே ஏற்றது. மாலையில் ஓரிரு மணி நேரம் மட்டும் இயங்கும் வீட்டில், பழைய கணினி போதும். வேண்டாதபோது அணைத்துவைத்தால், செலவும் குறையும். பொறியும் நெடுநாள் உழைக்கும்.

உறுப்புகள் தேய்ந்து நின்றுவிட்ட கணினியை எந்த மென்பொருளும் எழுப்பிவிடாது. ஆனால், உறுப்புகள் உழைக்கும் நிலையில் இருக்கும்வரை, அதன் ஆயுளை முடிவு செய்பவர் யார் என்பதே கேள்வி. கொழுவை மாற்ற விரும்பும் உழவர், கலப்பை செய்தவரின் ஒப்புதலை நாடிச் செல்வதில்லை. திறமூல மென்பொருளில் இயங்கும் கணினியை உடையவரும் அந்நிலையிலேயே இருக்கின்றார்.