ரகுபீர் சிங் (1942–1999): வண்ணத்தில் ஒரு தெரு

புகைப்படக் கலைஞர். ஜெய்ப்பூரில் பிறந்தவர். 1966இல் அதே ஊரில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் படமெடுப்பதை அருகிலிருந்து பார்த்தார். மக்கள் அறியாத கணத்தைப் பிடிக்கும் அந்த வேகம் இவருக்கும் வந்தது. ஆனால் அவருடைய கறுப்பு-வெள்ளையை மட்டும் இவர் ஏற்கவில்லை. வண்ணமில்லாமல் இந்தியாவைக் காட்ட முடியாது என்பது இவர் கட்சி. கலைப் புகைப்பட உலகம் வண்ணத்தை விளம்பரச் சரக்காக எண்ணிய காலம் அது. துணிச்சலான முடிவுதான்.

இவர் பயன்படுத்திய கோடாக்குரோம் ஸ்லைடு ஃபிலிமுக்கு நல்ல வெளிச்சம் வேண்டியிருந்தது. கழுவுவதற்குத் தனி ஆய்வுக்கூடம் வேண்டியிருந்தது. படம் எப்படி விழுந்தது என்பதைத் தெருவில் நின்றபடியே பார்த்துக்கொள்ள வழியிருக்கவில்லை.

இவர் படங்களை ஓரங்களிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். ஒரு மூலையில் நடப்பது மறு மூலையில் இருப்பவருக்குத் தெரியாது. கம்பமோ கதவோ குறுக்கிட்டு ஒரே தெருவைப் பல தெருக்களாக்கும். பின்னாளில் இதற்கு அம்பாசடர் காரே கைகொடுத்தது. அதன் திறந்த கதவு, முன்கண்ணாடி, பக்கக் கண்ணாடி வழியே ஊர் ஊராகப் படமெடுத்தார். அந்த வரிசை இவர் மறைவுக்குப் பின் 2002இல் நூலானது. தமிழ்நாட்டுக்கென்றும் தனியே ஒரு படநூல் தந்திருக்கிறார்.