தேரை சொன்ன சேதி

ஐப்பசியில் நாலு நாள் மழை ஊற்றினால் போதும், தென்னூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கிணற்றடித் தொட்டி சங்கீத சபாவாகிவிடும். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரே தேரைக் கூட்டம். ஆண் தேரைக்கு அவசரம். பக்கத்தில் இருப்பது யார் என்றுகூடப் பார்க்காமல் முதுகில் ஏறிக் கட்டிக்கொள்ளும். கீழே மாட்டியதும் ஆண் என்றால் தனியாக ஒரு சத்தம் கொடுக்கும். 'யோவ், நானும் ஆம்பளைதான்யா... விடு!' என்று அர்த்தம். மேலே இருப்பவர் கௌரவமாக இறங்கிவிடுவார். போலீஸ் கிடையாது, பஞ்சாயத்து கிடையாது.

இது ஆள் மாறாட்டம், காதல் இல்லை. ஜோடி வேண்டுமென்றால் பறவைகளிடம் போகணும். ஹவாயில் ஒவாஹு தீவில் ஆல்பட்ராஸ் ஜோடிகளை எண்ணினார்கள். 2008-ல் வெளியான கணக்குப்படி 31 சதவீதம் பெண்ணும் பெண்ணும்! சேர்ந்து குஞ்சும் வளர்க்கின்றன.

பக்கத்து வீட்டு மாமாவிடம் சொன்னேன். "பூனை குட்டியைத் தின்னுது. அதையும் ஃபாலோ பண்ணலாமா தம்பி?" என்றார். நியாயமான கேள்வி. இயற்கை நமக்கு வாத்தியார் இல்லைதான். ஆனால் 'இயற்கைக்கு விரோதம்' என்று 1860-ல் 377-ம் பிரிவு எழுதினானே வெள்ளைக்காரன், அவன் ஆல்பட்ராஸைக் கேட்டிருக்கலாம். வயது வந்த இருவர் சம்மதத்தோடு சேர்ந்தால் குற்றமில்லை என்று சுப்ரீம் கோர்ட் சொல்வதற்குள் 2018 வந்துவிட்டது. கல்யாணம்? 2023-ல் 'அது பார்லிமெண்ட் பாடு' என்று ஒதுங்கிக்கொண்டது.

மனுஷ விஷயத்துக்கு மனுஷனைத்தான் பார்க்கணும். மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள், சேர்ந்து வாழ ஆசைப்பட்டு, வீட்டுக்குப் பயந்து சென்னைக்குப் போனார்கள். 'காணவில்லை' என்று பெற்றோர் புகார், போலீஸ் விசாரணை. பாதுகாப்புக் கேட்டு ஹைகோர்ட் படியேறினார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார் தெரியுமா? இந்த விஷயம் தனக்கு முழுசாகப் புரியவில்லை என்று சொல்லி, மனநல ஆலோசகரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். அப்புறம்தான் 2021 ஜூன் 7-ல் உத்தரவு. போலீஸ் தொந்தரவு கூடாது, 'குணப்படுத்துகிறேன்' என்று யாரும் வைத்தியம் பார்க்கக் கூடாது! லஞ்ச் டயத்தில் அடுத்த செக்‌ஷன்காரரின் நடையைப் பார்த்துச் சிரிக்கிற நம்ம ஆசாமிகள் இதைக் கொஞ்சம் படிக்கலாம்.

மாமா வீட்டு மாடி போர்ஷன் காலி. "அப்படி ரெண்டு பொண்ணுங்க வந்தா வாடகைக்குக் கொடுப்பீங்களா மாமா?"

வெகு நேரம் யோசித்தார்.

"பத்து மாச அட்வான்ஸ். ராத்திரி பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிடுவேன். மோட்டார் ஒரு தடவைதான் போடுவேன், சொல்லிடு!"