கால யந்திரமும் கயத்தாற்றுப் புளியமரமும்

காலத்தைக் கடந்து பிரயாணம் செய்யும் கதை மேல்நாட்டார் கண்டுபிடித்த சரக்கு என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். பாகவதம் கேட்டு வளர்ந்த பாட்டிமார் இதைக் கேட்டால் நகைப்பார்கள். ககுத்மி என்னும் அரசன் தன் குமாரி ரேவதிக்கு வரன் கேட்கப் பிரம்மலோகம் போனான். அங்கே கானம் நடந்துகொண்டிருந்தது. முடியட்டும் என்று சற்றே காத்திருந்தான். அதற்குள் பூலோகத்தில் 27 சதுர்யுகங்கள் கழிந்துவிட்டன! அவன் மனத்தில் எண்ணியிருந்த மாப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் பெயர்கூட உலகில் மிஞ்சவில்லை. பிறகு ரேவதி பலராமனை மணந்தது எல்லோரும் அறிந்ததே.

ஆனால் ககுத்மி முன்னே போனானேயன்றிப் பின்னே போகவில்லை. நடந்து முடிந்ததைத் திரும்பிப் போய் மாற்றலாமா என்ற விபரீதக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக நிரப்பியவர்கள் ஆங்கில, அமெரிக்கச் சித்திரக் கதைக்காரர்கள்தாம்.

அந்தக் கதைகள் நமக்குச் சிவகாசி வழியாக வந்தன. 1972-ல் முத்து காமிக்ஸும், 1984-ல் லயன் காமிக்ஸும் அங்கே தோன்றின. லயன் காமிக்ஸில் வந்த இரும்பு மனிதன் ஆர்ச்சியை இன்று நாற்பது வயதைத் தாண்டிய தகப்பனார்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1952-ல் லண்டன் வாரப் பத்திரிகை ஒன்றில் பிறந்த ஆர்ச்சிக்குப் பிற்காலத்தில் ஒரு கால யந்திரம் வாய்த்தது. கோட்டைக் கோபுரம் போன்ற வடிவம், பெயரும் கோட்டைதான். புதுக்கோட்டைவாசியான எனக்கு அந்தப் பெயரில் தனி அபிமானம் உண்டு. ஆர்ச்சி பழங்காலத்துக்குப் போவான், தற்பெருமை பேசுவான், துஷ்டர்களைத் தூக்கி எறிவான், திரும்பி வருவான். சரித்திரம் இருந்தபடியே இருக்கும். க்ஷேத்திராடனம் போய் வருகிறவர் மூலவரை இடம் மாற்றிவிட்டா வருகிறார்?

அமெரிக்கரின் விஷயம் வேறு. 1938-ல் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் கதாசிரியர் ஜெர்ரி சீகல். 1949-ல் வந்த ஒரு கதையில், சூப்பர்மேன் காலத்தில் பின்னோக்கிச் சென்று, அழியப் போகும் தன் ஜன்ம பூமியைக் காண்கிறான். அங்கே அவன் வெறும் நிழல். ஒருவர் கண்ணுக்கும் தென்படவில்லை. பெற்றோர் எதிரில் நின்றும் பேச வழியில்லை. 1960-ல் சீகலே எழுதிய கதையில் உடலோடு போகிறான், காதலும் கொள்கிறான், ஆயினும் அந்தக் கிரகத்தைக் காக்க முடியவில்லை. (நம் வாசகர் விரும்பிப் படித்த ஸ்பைடர் கதைகளுள் பலவற்றை எழுதியவரும் இதே சீகல்தான்.) 2011-ல் வந்த கதை இன்னும் கொடியது. மின்னல் வேக வீரனான பிளாஷ், சிறு வயதில் கொலையுண்ட தன் தாயைத் திரும்பிப் போய்க் காப்பாற்றுகிறான். அதன் பயனாக உலகமே நாசப் போரில் சிக்குகிறது. மீண்டும் போய்த் தன் கையைத் தானே தடுத்து, தாயைச் சாகவிட வேண்டியதாகிறது.

இவையெல்லாம் பொய்க் கதைகள், பிள்ளைகளைக் கெடுப்பவை என்று சொல்லும் பெற்றோரிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். சரித்திர வகுப்பில் ஒரு நாள் கட்டபொம்மன் பாடம் நடந்தது. 1799-ம் வருஷம் செப்டம்பரில் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் அவனைப் பிடித்துக் கும்பெனியாரிடம் ஒப்புவித்தார்கள். அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில் மேஜர் பானர்மன் அவனைப் புளியமரத்தில் தூக்கிலிட்டான். தொண்டைமான் மீதுள்ள பழியை மறுத்துரைப்போர் எங்கள் ஊரில் உண்டு. ஆனால் 1959-ல் அந்தச் சினிமா வந்த பிறகு, வெளியூர் போகும் எங்கள் பையன்களைக் 'காட்டிக் கொடுத்த ஊரா?' என்று கேலி செய்வோருக்குப் பஞ்சமில்லை.

"ஆர்ச்சியின் கோட்டை இருந்தால் போய்த் தடுத்திருக்கலாமே, ஸார்!" என்றான் ஒரு பையன். வகுப்பு முழுவதும் ஆரவாரித்தது. ஒருவன் கட்டபொம்மனைக் கோட்டைக்குள் ஏற்றிக்கொண்டு பறந்துவிடச் சொன்னான். இன்னொருவன் தொண்டைமானுக்குப் புத்தி புகட்டச் சொன்னான்.

அப்போது ஒரு பெண் எழுந்து, "தொண்டைமான் மறுத்திருந்தால் கும்பெனியார் நம் ஊரை என்ன செய்திருப்பார்கள், ஸார்?" என்று கேட்டாள்.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கியவர்கள் இங்கே மட்டும் தயை காட்டியிருப்பார்களா? அந்த நட்பினால்தான் இது 1948-ம் வருஷம் மார்ச் 3-ந் தேதி வரையில் தனிச் சமஸ்தானமாக நின்றது. சேஷையா சாஸ்திரியார் வெட்டிச் செப்பனிட்ட குளங்களும் அதனால் வந்தவையே. ஆகவே அந்தப் பிள்ளைகள் கேட்டது, தங்கள் ஊரையே விலையாகக் கொடுத்து அதன் பழியைத் துடைக்கலாமா என்பதுதான். பிளாஷின் கதையை அப்போது சொன்னேன். ஆரவாரம் அடங்கிவிட்டது.

"பழி வந்தாலும் ஊர் பிழைத்தது சரிதான் என்கிறீர்களா?" என்று முதற் பையன் விடாமல் கேட்டான். சரி என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். துரோகம் துரோகந்தான். அதனால் கிடைத்த தண்ணீரை நாம் குடிக்கிறோம் என்பதும் மெய்தான். பாடப் புத்தகம் இந்த இரண்டையும் சேர்த்து ஒருநாளும் அவர்களைக் கேட்டதில்லை. பொய்க் கதை கேட்டது.

கோட்டை திருமயம் பாறைமேல் வந்து இறங்கி, ஆர்ச்சி 1799-ன் காட்டுக்குள் நடந்து போவதாக நம்மவர் எவரேனும் ஒரு சித்திரக் கதை எழுதட்டும். அவன் தடுத்தானா, நிழலாக நின்றானா என்பதை ஆசிரியரே தீர்மானிக்கட்டும். இருபது பிரதிகளுக்கு நானே சந்தா சேர்த்துத் தருகிறேன்.