வெந்நீர்க் குழாயும் வீண்போகும் நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறொன்றேனும் இல்லை. மழைநீர் சுண்ணக்கற் பாறையினுட் சுவறி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அந்நன்னீரையே கிணறுகளிலிருந்து இறைக்கின்றோம். அளவுக்கு மிஞ்சி இறைப்பின் உவர்நீர் மேலெழும். ஆதலின் நீரைச் சிக்கனமாகப் பாவித்தல் நமக்கு இன்றியமையாத கடமையாகும்.

முன்னாளிற் கிடாரத்திற் காய்ச்சிய வெந்நீரை வாளியில் விளாவிக் குளித்தனர். அம்முறையில் நீர் வீணாவதில்லை. இந்நாளில் மின்னாலோ வெயிலாலோ நீரைச் சூடாக்கும் கலமொன்றை ஓரிடத்தில் அமைத்து, குழாய்வழியே வெந்நீரைக் கொணர்கின்றோம். திறந்தவுடன் வருவது வெந்நீரன்று. குழாயில் ஆறிக்கிடந்த நீரே. வெந்நீர் வருமட்டும் அதனை வீணே ஓடவிடுகின்றோம்.

இவ்விழப்பைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 15 மில்லிமீற்றர் உட்குறுக்களவும் 10 மீற்றர் நீளமும் உடைய குழாய் ஏறக்குறைய 1.8 இலீற்றர் நீர் கொள்ளும். குறுக்களவு 20 மில்லிமீற்றராயின் 3.1 இலீற்றர் கொள்ளும். கொள்ளளவு குறுக்களவின் வர்க்கத்திற்கேற்பக் கூடுமன்றோ? ஐவர் வெவ்வேறு வேளைகளிற் குளிக்கும் வீட்டில், சிறிய குழாயாலேயே ஆண்டிற்கு ஏறக்குறைய 3,200 இலீற்றர் நீர் வீணாகும். அந்நீரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கச் செலவாகும் 120 அலகு மின்சாரமும் உடன்போகும்.

பரிகாரம் எளிது. கலத்தைக் குளியலறைக்கு அண்மையில் அமைத்தல் வேண்டும். குழாய் குறுகியதாயும் வெப்பங்கடத்தா உறையால் மூடப்பட்டதாயும் இருத்தல் நன்று. வெயிலாற் சூடாக்கும் கலம் கூரைமேல் இருத்தலின் குழாய் நீளும். அங்கே மின்சாரம் மிஞ்சினும் நீர் வீணாகும். அவ்வீட்டார் முதலில் வரும் நீரை வாளியிற் பிடித்துத் துணி துவைக்கவோ செடிகளுக்கு ஊற்றவோ பயன்படுத்தலாம். குழாய் ஆறுமுன் ஒருவர்பின் ஒருவராகக் குளித்தலும் இழப்பைக் குறைக்கும்.

சிக்கனங் கருதித் தேக்கக்கலத்தின் வெப்பநிலையை 60 பாகைக்குக் கீழ் இறக்குதல் மட்டும் தகாது. இளஞ்சூட்டில் லீசனெல்லா என்னும் பற்றீரியா பெருகும். 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பிலதெல்பியா நகரிற் பலரைக் கொன்ற நோயை ஆராய்ந்தபோதே அக்கிருமி இனங்காணப்பட்டது. மிகுந்த சூட்டைத் தண்ணீர் விளாவித் தணித்துக்கொள்க.

வீடு கட்டும் பழைய மாணவர் வரைபடம் கீறும்போதே இவற்றைக் கருதுவாராக. இளைய மாணவர் வெந்நீர் வருமட்டும் ஓடும் நீரை வாளியிற் பிடித்து அளந்து பார்ப்பாராக. வகுப்பிற் கற்ற பௌதிகம் வீட்டுக் கிணற்றைக் காக்க உதவுமாயின், கல்வியின் பயன் அதுவேயாகும்.