கல்தூண் பந்தல், கடற்காற்று... மழை ஊரில் விலைபோகும் புளிப்புத் திராட்சை!

‘‘அறுப்புக்கு முன்னாடி ரெண்டு நாள் மழை பிடிச்சுட்டா, பன்னீர் திராட்சை வெடிச்சு அழுகிப்போகுது. வருஷம் பூரா மழை பெய்யுற ஊர்லயும் திராட்சை வெச்சு, நல்ல விலை பாக்குறாங்கன்னு கேள்விப்பட்டேன். நிஜமா?’’

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது. நிஜம்தான். ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலையொட்டி இருக்கும் கலீசியா பகுதியில் அது நடக்கிறது. அங்கே விளையும் திராட்சையின் பெயர் அல்பரிஞோ. அதை அப்படியே யாரும் வாங்கிச் சாப்பிடுவதில்லை. பழம் சிறியது, விதை உண்டு, தோல் தடிமன், புளிப்பும் தூக்கல். ஆனால், அந்தப் புளிப்பை வைத்துத்தான் லேசான வெள்ளை ஒயின் தயாரிக்கிறார்கள். ஸ்பெயினில் விவசாயிக்கு உயர்ந்த விலை கிடைக்கும் ஒயின் திராட்சைகளில் இதுவும் ஒன்று.

நம் வாசகர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது. அந்த ஊர் விவசாயிகளும் துண்டு நிலக்காரர்கள். அவர்களும் கல்தூண் நட்டுப் பந்தல் போட்டுத்தான் திராட்சை வளர்க்கிறார்கள்.

ஆளுக்கு ஒரு ஹெக்டேர்கூட இல்லை!

இந்தத் திராட்சைப் பகுதிக்கு ரியாஸ் பைஷாஸ் என்று பெயர். கடல் நீர் நிலத்துக்குள் விரல் விரலாகப் புகுந்து நிற்கும் இடங்களை அங்கே ‘ரியா’ என்கிறார்கள். அந்த நீரில் சிப்பி வளர்ப்பு, கரையில் திராட்சை. ஒரே குடும்பத்தில் ஒருவர் கடலுக்கும் இன்னொருவர் தோட்டத்துக்கும் போவது சாதாரணம்.

மொத்தப் பரப்பு 4,000 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். விவசாயிகள் ஏறத்தாழ 5,000 பேர். சராசரியாகப் பார்த்தால், ஆளுக்கு ஒரு ஹெக்டேர்கூடத் தேறாது. அதுவும் ஒரே இடத்தில் இருக்காது. தலைமுறை தலைமுறையாகப் பாகம் பிரித்ததில், 20,000-க்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட், சாலைக்கு அந்தப் பக்கம் கால் ஏக்கர் என்ற கணக்குதான்.

பந்தல் ஏன்?

ஆண்டுக்கு சுமார் 1,600 மி.மீ மழை. தமிழ்நாட்டின் சராசரி மழையைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். கோடையில் மழை குறைந்தாலும், கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ஓயாது. அடிச்சாம்பல் நோய், சாம்பல் நோய், பழ அழுகல் மூன்றுக்கும் ஏற்ற சூழல்.

ஸ்பெயினின் உள்பகுதிகளில் மழை குறைவு. அங்கே கொடியைத் தரையோடு ஒட்டிய சிறு புதராகவே விட்டுவிடுவார்கள். கலீசியாவில் அப்படி விட்டால் பழம் மிஞ்சாது. அதனால்தான் ஆள் உயரத்துக்குப் பந்தல். மரத்தூண் ஈரத்தில் உளுத்துப்போகும் என்பதால், அந்த மண்ணிலேயே கிடைக்கும் கருங்கல்லை நீளமாகப் பிளந்து நட்டு, மேலே கம்பி இழுத்திருக்கிறார்கள்.

இதனால் கொத்து ஈரத்தரையிலிருந்து விலகித் தொங்குகிறது. கீழே காற்று தடையில்லாமல் ஓடி, இலையையும் பழத்தையும் உலர்த்துகிறது. முன்பெல்லாம் பந்தலுக்குக் கீழே உருளைக்கிழங்கும் காய்கறியும் பயிர் செய்தார்கள். துண்டு நிலத்தில் இரண்டு அடுக்கு வருமானம்! கடற்பாசியை அள்ளி வந்து எருவாகப் போடுவதும் அந்தக் கரையோரத்தின் பழைய வழக்கம்.

மண் கருங்கல் சிதைந்து உண்டான மணற்பாங்கான மண். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. பந்தலும் வடிகாலும் இல்லாவிட்டால் அந்த மழையில் திராட்சையை நினைத்தே பார்க்க முடியாது.

புளிப்புதான் சொத்து

குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கும்போது கவாத்து. வசந்தத்தில் துளிர், செப்டம்பரில் அறுவடை. ஆண்டுக்கு ஒரே வெள்ளாமைதான்.

திராட்சை பழுக்கும்போது சர்க்கரை ஏறும், அமிலம் இறங்கும். வெயில் கடுமையான ஊரில் அமிலம் சீக்கிரமே கரைந்துவிடும். கடற்காற்றால் குளிர்ந்த ஊரில் பழம் மெதுவாகப் பழுக்கும். சர்க்கரை ஏறிய பிறகும் புளிப்பு மிச்சம் இருக்கும். அந்த மிச்சப் புளிப்புதான் ஒயினில் நாக்கைச் சுருக்கென்று பிடிக்கும் குணத்தைக் கொடுக்கிறது.

பறிப்பது கையால்தான். பந்தலுக்கு அடியில் நின்று, தலைக்கு மேல் கையைத் தூக்கிக் கொத்து கொத்தாக வெட்ட வேண்டும். மாலைக்குள் தோளும் கழுத்தும் கழன்றுவிடும். அடுக்கடுக்காகக் கொட்டினால் அடியில் உள்ள பழம் நசுங்கிப் புளித்துவிடும் என்பதால், சுமார் 20 கிலோ பிடிக்கும் சிறிய பெட்டிகளில்தான் எடுத்துச் செல்கிறார்கள்.

ஆலையில் பழத்தை மெதுவாகப் பிழிந்து, தோலை உடனே பிரித்துவிடுகிறார்கள். சாற்றைக் குளிரவைத்துத் தெளியவிட்டு, எஃகுத் தொட்டியில் ஏறத்தாழ 15 முதல் 18 டிகிரி வெப்பநிலையில் நொதிக்க வைக்கிறார்கள். சூடு ஏறினால் வாசனை பறந்துவிடும். பெரும்பாலும் அடுத்த ஆண்டே பாட்டிலில் விற்பனைக்கு வந்துவிடுகிறது. அதே கடலில் கிடைக்கும் சிப்பிக்கும் மீனுக்கும் தொட்டுக்கொள்ளப் பொருத்தம் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள்.

பெயரைக் காத்த விவசாயிகள்

பல காலம் இது வீட்டுத் தேவைக்கும் உள்ளூர் விற்பனைக்கும் மட்டும் செய்யப்பட்ட ஒயின். 1953-ல் கம்பாடோஸ் என்ற ஊரில், யாருடைய ஒயின் சிறந்தது என்று ஒரு போட்டி நடந்தது. அதுவே இன்றைக்கு ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் நடக்கும் பெரிய திருவிழாவாகிவிட்டது.

1986-ல் அதே ஊரில் திராட்சை விவசாயிகள் ஒன்றுசேர்ந்து மார்த்தின் கோடாக்ஸ் என்ற ஒயின் ஆலையைத் தொடங்கினார்கள். தனித்தனியாக எஃகுத் தொட்டியும் குளிரூட்டும் கருவியும் வாங்க முடியாதவர்களுக்கு, கூட்டாக அது சாத்தியமானது.

1988-ல் ‘ரியாஸ் பைஷாஸ்’ என்ற ஊர்ப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. கூடவே கட்டுப்பாடுகளும் வந்தன. எந்த ரகம் நடலாம் என்பதற்கு வரையறை உண்டு. அல்பரிஞோவில் ஹெக்டேருக்கு 12 டன்னுக்கு மேல் எடுக்கக் கூடாது. நம் பன்னீர் திராட்சையில் ஹெக்டேருக்கு 30 டன் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு. பாதிக்கும் குறைவான மகசூலை அவர்களே வரம்பாக வைத்துக்கொண்டு, தரத்தில் விலை பார்க்கிறார்கள்.

எல்லாம் சுகம் என்று நினைத்துவிட வேண்டாம். நோய் மிகுந்த ஆண்டில் மருந்துச் செலவு ஏறும். துண்டு நிலத்தில் இயந்திரம் நுழையாது, கூலி ஆள் செலவு அதிகம். திராட்சை விலை விழுந்தால், அத்தனை சிறிய நிலத்தில் தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

கன்று மாறிய கதை

அல்பரிஞோ பெயர் வாங்கியதைப் பார்த்து ஆஸ்திரேலிய விவசாயிகளும் நட்டார்கள். காய்த்து, ஒயினாகி, விற்பனைக்கும் வந்த பிறகு, அந்தக் கொடிகள் அல்பரிஞோவே இல்லை, சவன்யான் என்ற வேறு ரகம் என்று 2009-ல் மரபணுச் சோதனையில் உறுதியானது. ஸ்பெயினிலிருந்து வந்த மூலக்கன்றிலேயே பெயர் மாறியிருந்தது. நட்டவர்கள் பாட்டிலின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. கன்று வாங்கும்போது ரகத்துக்கு எழுத்துப்பூர்வமான ஆதாரம் கேட்டு வாங்குங்கள் என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

நாம் எதை எடுத்துக்கொள்ளலாம்?

அல்பரிஞோவைக் கம்பத்தில் நட்டுப் பயனில்லை. நம் வெயிலில் அந்தப் புளிப்பு நிற்காது. உரிமம் இல்லாமல் ஒயின் தயாரித்து விற்பது நம் மாநிலத்தில் குற்றம். குடிப்பழக்கம் குடும்பத்தைக் கெடுக்கும் என்பதையும் சொல்லத் தேவையில்லை. ஆனால், எடுத்துக்கொள்ள வேறு விஷயங்கள் இருக்கின்றன.

* பந்தலுக்கு அடியில் காற்று ஓட வேண்டும். அடர்ந்த கிளைகளையும் கொத்தை மூடும் இலைகளையும் அளவாக நீக்கினால், மழைக்காலத்தில் நோய் குறையும்.
* மழைநீர் வேரடியில் நிற்காமல் வடிகால் வெட்டுங்கள்.
* பறித்த பழத்தைச் சிறிய பெட்டியில் அடுக்குங்கள். நசுங்கிய ஒரு கொத்து முழுப் பெட்டியையும் கெடுக்கும்.
* கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதை வாங்கியதோடு விட்டுவிடாமல், எந்த இனிப்பில் பறிப்பது, எப்படித் தரம் பிரிப்பது என்று விவசாயிகளே கூடிப் பேசி, ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டால்தான் அந்தப் பெயர் விலையாக மாறும்.

கேள்வி கேட்ட வாசகருக்கு நம் பதில் இதுதான். அந்த ஊர்க்காரர்களாலும் மழையை நிறுத்த முடியவில்லை. மழைக்குத் தக்கபடி பந்தல் போட்டார்கள், குளிர் கொடுத்த புளிப்பையே சரக்காக்கினார்கள், ஊர்ப்பெயரைச் சேர்ந்து காப்பாற்றினார்கள். பந்தலும் ஊர்ப்பெயரும் உங்களிடமும் இருக்கின்றன. சேர்வதுதான் பாக்கி.